குண்டைத் தேர்ந்தெடுக்கும் குழல்

கனமான குண்டா, இலேசான குண்டா? இலக்குச் சுடுதலில் நூறு வருடங்களுக்கு மேலாக ஓயாத விவாதம் இது. சுடுபவரைவிட அவருடைய துப்பாக்கிக்குத்தான் பதில் நன்றாகத் தெரியும்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. அங்கிருந்து தெற்கே, ஷாத்தோரூ என்ற சிறு நகரத்தை ஒட்டி நடந்தன. 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி அங்கே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மறுநாள் நாளேடுகள் அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்பதையும், தோனி மீது அவருக்குள்ள அபிமானத்தையும், பயிற்சிக்குத் தோட்டா வாங்க அவருடைய தந்தை கடன் வாங்கியதையும் எழுதின.

எழுதாமல் விட்டது, அவர் சுட்ட குண்டின் எடையை. விட்டதில் தப்பில்லை. இந்தப் போட்டியில் சுடும் ஈயக் குண்டின் எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். பவுனில் மூன்றில் ஒரு பங்கு. தங்கம் வென்ற சீனருக்கும் அதே எடைதான், வெள்ளி வென்ற உக்ரேனியருக்கும் அதே எடைதான், இறுதிச் சுற்றுக்கே வர முடியாமல் பெட்டியைக் கட்டியவருக்கும் அதே எடைதான்.

எல்லோருக்கும் ஒரே எடை என்றால் அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஆனால் அது புரிய வேண்டுமானால், எடையை மாற்றிப் பார்க்க இடம் தரும் பெரிய ரைபிள்களிடம் ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வர வேண்டும்.

புறப்படுமுன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் செய்தித்தாள்கள் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கின்றன. 'உடலில் மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன' என்று எழுதுகிறார்கள். தோட்டா பாய்வதில்லை. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் தீப்பற்றும் பொருள், வாயில் செருகிய குண்டு ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும். கூடு சுட்டவரின் காலடியில் விழுந்து கிடக்கும். இந்தக் கட்டுரையில் எடை என்று வரும் இடமெல்லாம் குண்டின் எடையே.

அதை நிறுக்கும் அளவும் விசித்திரமானது. கிரெயின் என்றால் தானிய மணி. நம் தட்டார்கள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்ததுபோல, ஐரோப்பியர் ஒரு தானிய மணியை வைத்து நிறுத்தார்கள். உலகம் முழுக்க கிராமுக்கு மாறிய பிறகும் துப்பாக்கிக்காரர்கள் மட்டும் தானியத்தை விடவில்லை. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின். ஒரு பவுனுக்குச் சுமார் 123.

பம்பரக் கணக்கு

ரைபிள் குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோலப் பள்ளங்கள் சுற்றிக்கொண்டு போகும். அவற்றில் பற்றிக்கொண்டு வெளியே வரும் குண்டு, பம்பரம்போலச் சுழன்றுகொண்டே பறக்கும். சுழலாவிட்டால் காற்றின் எதிர்ப்பு அதன் மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் போட வைத்துவிடும். சுழற்சியின் வேகம் சாதாரணமானதல்ல. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில், 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கிய குழலை விட்டு வரும் குண்டு நொடிக்கு 2,700 தடவை சுழல்கிறது. நம் வீட்டு மின்விசிறி அதே நொடியில் ஐந்தாறு சுற்று சுற்றினால் அதிகம்.

பம்பரம் விட்டவர்களுக்கு மீதி தானாகப் புரியும். குட்டையான பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். ஒல்லியாக, நெட்டையாக ஒன்றைச் செய்து விட்டால் சாட்டையை இன்னும் பலமாக இழுத்தால்தான் நிமிரும். குண்டும் அப்படியே. ஒரு ரைபிளின் குழல் விட்டம் மாறாதது. ஆகவே குண்டின் எடையைக் கூட்ட வேண்டுமானால் ஒரே வழி, நீளத்தைக் கூட்டுவது. நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும். சுழற்சியைத் தருவது குழலின் முறுக்கு. அதைத் தொழிற்சாலையில் ஒரு தடவை வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

எந்தக் குழலுக்கு எந்த எடை என்ற கேள்வியின் வேர் இதுதான். பெட்டியின் மேல் எடை அச்சாகியிருக்கிறது; குழல் கேட்பதோ நீளத்தை.

இதற்கு ஒரு சூத்திரம் சொன்னவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். இங்கிலாந்தில் உல்விச் பீரங்கிக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1879-ல் அவர் தந்த கணக்கை எட்டாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடலாம். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150-ஐ அதால் வகுங்கள். வரும் விடையைக் குண்டின் விட்டத்தால் பெருக்குங்கள். ஒரு முழுச் சுற்றுக்குக் குழலில் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது வந்துவிடும். 0.308 அங்குல விட்டமுள்ள குண்டு அதைப்போல நான்கு மடங்கு நீளம் என்றால் பதினொன்றரை அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை. மூன்றரை மடங்கு நீளம்தான் என்றால் 13 அங்குலம் போதும். பிற்காலத்தில் இதைவிட நுட்பமான கணக்குகள் வந்தன. ஆனாலும் குழல் வெட்டுபவர்கள் கிரீன்ஹில்லைக் கைவிடவில்லை. ஈயக் குண்டு காலத்துக் கணக்கு செம்பு உறையிட்ட குண்டுக்கும் பெரும்பாலும் பொருந்திப் போவதுதான் காரணம்.

எடை வேறு, நீளம் வேறு என்பதற்கு நல்ல சாட்சி, நம் காவல் நிலையச் சுவர்களில் பல பத்தாண்டுகள் சாத்தியிருந்த .303 துப்பாக்கி. ஆரம்பத்தில் அதன் குண்டு மூக்கு மழுங்கியது; 215 கிரெயின். 1910-ல் பிரிட்டிஷ் ராணுவம் கூர்மூக்குள்ள 174 கிரெயின் குண்டுக்கு மாறியது. 41 கிரெயின் குறைந்தும் நீளம் குறையவில்லை. காரணம், மூக்குப் பகுதியில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியத்தை அடைத்தார்கள். பின்னாளில் மரக்கூழையும் அடைத்தார்கள். இலேசான மூக்கு, கனமான பின்பகுதி. 215 கிரெயினுக்காக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய அதே குழல் புதிய குண்டையும் ஏற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான துப்பாக்கிகளின் குழலை மாற்ற வேண்டிய வேலை மிச்சம்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கர்கள் உதாரணம் தருகிறார்கள். எம்-16 ரைபிளின் மூலவடிவமான ஏஆர்-15-ல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெயின் குண்டுக்கு அது விளிம்பில் நிற்கும் முறுக்கு. வெயில் நாளில் சமாளித்தது. அலாஸ்காவின் கடுங்குளிரில் காற்று அடர்த்தியானபோது குறி சிதறியது. 1963-ல் அதை 12 அங்குலமாக்கினார்கள். பிறகு 1980-ல் நேட்டோ நாடுகள் 62 கிரெயின் எடையுள்ள, எஃகு முனை செருகிய நீளமான எஸ்எஸ் 109 குண்டைத் தேர்ந்தெடுத்தன. கூடியது ஏழே கிரெயின், அரை கிராம்கூட இல்லை. ஆனால் பழைய 12 அங்குலக் குழலில் அதைச் சுட்டால் குண்டு நேராகப் போவதில்லை. இலக்கு அட்டையில் பக்கவாட்டில் மோதிச் சாவித் துவாரம்போல நீளமாகக் கிழிக்கிறது. புதிய எம்-16 குழல்களை 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்ட வேண்டியதாயிற்று. ஒளிவிட்டுக்கொண்டே பறக்கும் அடையாளக் குண்டு இன்னும் நீளம். அதற்கும் சேர்த்துத்தான் அத்தனை முறுக்கு.

அப்படியானால் எல்லாக் குழலையும் ஏழு அங்குலத்துக்கு முறுக்கிவிட்டால் தொல்லை விட்டதே என்று தோன்றும். விடாது. எந்தக் குண்டும் நூற்றுக்கு நூறு சமச்சீராக இல்லை. ஒரு பக்கம் உறை மயிரிழை தடித்திருக்கும், உள்ளே ஈயத்தில் ஒரு குமிழி இருக்கும். சுழற்சி கூடக்கூட இந்தச் சிறு கோணல் பெரிதாகும். உறை மெல்லியதான இலேசான குண்டு, அதிக முறுக்குள்ள குழலிலிருந்து வந்தால் பாதி வழியில் சிதறிப் போவதும் உண்டு. துப்பாக்கியை மேஜையில் மணல் பைமேல் வைத்து 100, 200 கஜத்தில் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டிக்காரர்கள் ஐந்து குண்டையும் ஏறத்தாழ ஒரே துளையில் போடுவதையே குறியாக வைத்திருப்பவர்கள். அவர்கள் 6 மி.மீ. குழலில் 68 கிரெயின் அளவிலான குட்டைக் குண்டை வைத்து 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்குகிறார்கள். நிமிர்ந்து நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சுழற்சி, அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி.

தூரம் கூடும்போது

100 கஜத்தில் இலேசான குண்டு போதும் என்றால் கனமான குண்டை எதற்குச் சுமக்க வேண்டும்? காற்றுக்காக. ஒரே விட்டத்தில் நீண்ட, கனமான குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும். பக்கக் காற்று அதை அவ்வளவு எளிதில் தள்ளாது. 1,000 கஜத்தில் மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று, 155 கிரெயின் குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடுகிறது. ஆளை விட்டுப் பக்கத்து ஆளின் அட்டையில் போய் விழும் தூரம். ஆனால் கனத்துக்கு விலை உண்டு. அதே மருந்தழுத்தத்தில் கனமான குண்டு மெதுவாகத்தான் புறப்படும். தோளில் உதையும் கூடும். 300 மீட்டரில் அந்த விலையைக் கொடுப்பதா, 1,000 கஜத்தில் கொடுப்பதா என்பதில்தான் சுடுபவரின் மூளை வேலை செய்ய வேண்டும்.

எடையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள் என்பதற்கு சியரா என்ற அமெரிக்க நிறுவனத்தின் 168 கிரெயின் குண்டைச் சொல்லலாம். 1959-ல் சர்வதேச 300 மீட்டர் போட்டிக்கென்று வடிவமைத்த குண்டு. அந்தத் தூரத்தில் அதன் குறி அபாரமானது. விரைவில் 'போட்டிக் குண்டு' என்றாலே 168 என்று ஆகிவிட்டது. ஆசைப்பட்டு அதை 1,000 கஜத்துக்கு எடுத்துப் போனவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் குண்டின் வால் 13 பாகை சரிவில் சட்டென்று ஒடுங்குகிறது. தொலைவில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, அந்த வால் அமைப்பால் குண்டு தள்ளாடத் தொடங்குகிறது. அதே நிறுவனம் வாலை 9 பாகையாகச் சரித்து, எடையைக் கொஞ்சம் கூட்டி 175 கிரெயின் குண்டைச் செய்தது, அது தாக்குப்பிடித்தது. 1990-களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் தொலைதூரத் தோட்டாவுக்கும் அதுவே குண்டாயிற்று. இதில் வேடிக்கை, 168-ஐவிட இலேசான 155 கிரெயின் குண்டும் 1,000 கஜம் தாக்குப்பிடிக்கிறது. அதிக வேகத்தில் புறப்படுவதால், இலக்கைத் தொடும்வரை அது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குவதில்லை. 155 சரி, 175 சரி, நடுவிலிருக்கும் 168 சரியில்லை! தராசை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாரால் ஊகிக்க முடியும்?

இந்த 155-க்கு ஒரு தனிக் கதை உண்டு. 'டார்கெட் ரைபிள்' என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு பிரிட்டனிலும் பழைய காமன்வெல்த் நாடுகளிலும் நடக்கிறது. தொலைநோக்கி இல்லை, மணல் பை இல்லை. தோளில் வார் மாட்டி, தரையில் குப்புறப் படுத்து, 300 முதல் 1,000 கஜம் வரை சுட வேண்டும். அதன் சர்வதேச விதி, .308 ரைபிளில் குண்டு 156 கிரெயினுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. .223 என்றால் 81 கிரெயினுக்குக் குறைவு. லண்டனுக்கு அருகிலுள்ள பிஸ்லி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பெரிய போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டாவையே போட்டி நடத்துபவர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். பணக்காரருக்கு ஒரு குண்டு, ஏழைக்கு ஒரு குண்டு என்ற பேச்சுக்கு இடமில்லை.

எடை கையை விட்டுப் போனதும் அங்கே என்ன நடந்தது தெரியுமா? குழலைத் தேட ஆரம்பித்தார்கள். 144, 147 கிரெயின் ராணுவக் குண்டைக் கொடுத்த காலத்தில் 14 அங்குல முறுக்குக் குழல். 155 வந்ததும் 13 அங்குலம். வேறிடங்களில் குழலுக்கு ஏற்ற குண்டைத் தேடினால், பிஸ்லியில் குண்டுக்கு ஏற்ற குழலைத் தேடினார்கள். மாப்பிள்ளை முடிவாகிவிட்டால் முகூர்த்தத்தைத்தானே மாற்ற முடியும்.

பிஸ்லிப் போட்டிகளில் பழையது ஒன்றின் பெயர் கொலாபூர் கோப்பை. 1871 முதல் நடக்கிறது. எட்டுப் பேர் கொண்ட தேசிய அணிகள் 300, 500, 600 கஜங்களில் சுடும். கோப்பையைப் பரிசளித்தவர் கோலாப்பூர் ராஜா. குசாலே பிறந்த அதே கோலாப்பூர் சீமை. 2010-ல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் கோலாப்பூர்க்காரர்தான்.

ஐந்து துளையில் ஏமாறாதீர்கள்

சரி, விதி இடம் கொடுக்கிறது, நாலு எடையில் தோட்டா கையில் இருக்கிறது. எது தன் குழலுக்கு ஏற்றது என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? சூத்திரம் வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே போக, சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் செய்யும் தப்பு இங்கேதான். ஒவ்வோர் எடையிலும் மூன்று குண்டு சுடுவார்கள். எதில் துளைகள் நெருங்கி விழுந்தனவோ அதுதான் நல்லது என்று தீர்ப்பு எழுதுவார்கள். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டுவார்கள். மூன்று துளை எதையும் நிரூபிப்பதில்லை. புள்ளியியல் சொல்வது இது: ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டாவில் மூன்று குண்டுகளின் சிதறல் 10 மி.மீ. என்றால், பத்துக் குண்டுகள் சுட்டால் அது சராசரியாக 16 மி.மீ. ஆகிவிடும். துப்பாக்கி கெட்டுப் போகவில்லை. மூன்று குண்டில் அதன் உண்மைக் குணம் வெளிவரவில்லை, அவ்வளவுதான். ஐந்தைந்தாகச் சுட்டாலும் அதே தோட்டாவின் சிதறல் ஒரு தடவைக்கு மறுதடவை நாலில் ஒரு பங்கு கூடுவதும் குறைவதும் சகஜம். இன்று 15 மி.மீ. காட்டிய 155-ஐப் புகழ்ந்து, 19 மி.மீ. காட்டிய 168-ஐத் தூக்கி எறிந்தவர் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்ததற்குச் சமம்.

பத்துப் பத்தாக, ஒவ்வோர் எடையிலும் மூன்று நான்கு தடவை சுட வேண்டும். எடைகளை மாற்றி மாற்றிச் சுட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் சுட்ட எடைக்கு அமைதியான காற்றும், மதியம் சுட்டதற்கு வெக்கையும் கிடைத்து, கணக்கு கோணலாகிவிடும். நான்கு எடை, பத்துப் பத்தாக நான்கு தடவை என்றால் 160 தோட்டா. விலையை நினைத்தால் தலை சுற்றும்தான். அந்தத் தலைசுற்றலைத் தவிர்க்கத்தான் உலகம் முழுக்க மூன்று குண்டுத் தீர்ப்புகள் எழுதப்படுகின்றன.

நம் நாட்டில் இந்தச் சோதனைக்கு வேறு தடைகளும் உண்டு. வெளிநாட்டில் பெரிய ரைபிள்காரர்கள் கூடு, மருந்து, குண்டு என்று தனித்தனியே வாங்கி வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்வார்கள். எடையையும் மருந்தையும் இஷ்டம்போல மாற்றிப் பார்க்க அதுதான் வழி. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டு மேஜையில் செய்யும் காரியமல்ல. ராணுவம் புழங்கிய .303, 7.62 அளவுகள் சாதாரண உரிமதாரருக்கு எட்டாதவை. அவருக்கென்று இஷாப்பூர் தொழிற்சாலை .315 ரைபிளைச் செய்தது. அதற்குக் கிடைத்த தோட்டாவைச் சுடுவதே பழக்கமாயிற்று. 300 மீட்டர் போட்டி இங்கே பெரும்பாலும் சீருடைக்காரர்களின் ஆட்டமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவில் அதே 300 மீட்டருக்கு 6 மி.மீ. ரைபிளில் 105 கிரெயின் அளவிலான நீண்ட குண்டும் 8 அங்குல முறுக்கும் என்று வீரர்கள் தாங்களே தேடிக் கண்டடைந்துவிட்டார்கள்.

பழையபடி 40 கிரெயினுக்கு

ஆக, இந்தியாவில் ரைபிள் என்றால் பெரும்பாலும் .22-தான். என்.சி.சி. முகாமில் படுத்துச் சுட்டவர்களுக்கு அதன் சின்ன 'டப்' ஓசை நினைவிருக்கும். இந்தத் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் பிறந்தது. அப்போதே குண்டு 40 கிரெயின்தான். குழல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்த ஜோடி. மெக்ஸிகோ நிறுவனம் ஒன்று இதைவிடக் குட்டையான .22 ஷார்ட் கூட்டில் 60 கிரெயின் குண்டைச் செருகி விற்றுப் பார்த்தது. சாதாரணக் குழலில் அது கவிழ்ந்து கவிழ்ந்து போய் அட்டையில் சாவித் துவாரம் போட்டது. பம்பரக் கணக்கு இங்கேயும் மாறவில்லை.

இலேசாக்கி வேகத்தைக் கூட்டினால்? அதுவும் நடக்காது. போட்டித் தோட்டாவின் வேகத்தை நொடிக்கு 320, 330 மீட்டர் என்று ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறார்கள். அதைத் தாண்டிப் புறப்படும் .22 குண்டு, வேகம் தணிந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் அலைக்கழிகிறது. காற்றின் இழுவையும் அந்த வேகத்தில் திடீரென்று கூடுவதால், வேகமான .22 குண்டைப் பக்கக் காற்று மெதுவான குண்டைவிட அதிகமாகத் தள்ளுகிறது! மெதுவான குண்டையே மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று 50 மீட்டரில் சுமார் 3 செ.மீ. நகர்த்திவிடும். நடுவில் பத்து வாங்க வேண்டியது ஏழாகிவிடும். பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ.தான்.

எடை, வேகம், முறுக்கு எல்லாம் பூட்டிய கதவாகிவிட்டால் மிஞ்சுவது ஒன்று: தொகுதி. ஆங்கிலத்தில் 'லாட்' என்பார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே இயந்திரம், ஒரே பெயர், ஒரே 40 கிரெயின். ஆனால் செவ்வாய்க்கிழமை செய்த தோட்டாவும் வியாழக்கிழமை செய்ததும் ஒன்றல்ல. மெழுகுப் பூச்சில், அடியில் வைக்கும் மருந்தில், ஈயத்தின் கலவையில் அற்ப வேறுபாடு. ஒரு குழலுக்கு ஒரு தொகுதி ஒத்துப் போகும். அடுத்த பாதையில் படுத்திருப்பவரின் அதே ரகத் துப்பாக்கிக்கு அதே தொகுதி ஒத்துப் போகாது. ஏன் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. சிலர் ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் நிறுத்துப் பிரிக்கிறார்கள். பொழுது போகும், பலன் குறைவு. தோட்டாவை நிறுத்தால் பித்தளையின் எடை வேறுபாடும் அதில் கலந்து வந்துவிடும்.

அதனால்தான் பெரிய வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். பர்மிங்ஹாமில் எலீ, ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவா ஆகிய நிறுவனங்கள் இதற்கென்றே சுடுகளம் வைத்திருக்கின்றன. ரைபிளின் குழலை இரும்புப் பிடியில் இறுக்கிவிடுவார்கள். மனிதக் கை படாது, காற்றும் இல்லை. ஒவ்வொரு தொகுதியாகப் பத்துப் பத்துக் குண்டு 50 மீட்டர் தூரத்துக்குப் போகும். மின்னணு இலக்கு ஒவ்வொன்றையும் பதிவு செய்யும். ஒரு தொகுதியின் துளைகள் ஒரே புள்ளியில் குவியும். இன்னொன்று அதே குழலில் அகலமாகச் சிதறும். சொந்தக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் குவிந்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்வார்.

இந்த மில்லிமீட்டர்களுக்கு இத்தனை பாடு தேவையா என்பவர்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கலாம். 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் ஜாய்தீப் கர்மாகர் 699.1 எடுத்து நாலாவதாக வந்தார். வெண்கலம் வென்ற ஸ்லோவேனியரின் கணக்கு 701.0. எழுபது குண்டுகள் சுட்ட பிறகு இடைவெளி 1.9 புள்ளி. கர்மாகரின் தோட்டாவில் குறை என்று இதற்கு அர்த்தமல்ல. இந்த ஆட்டத்தில் ஒரு வெண்கலத்தின் அகலம் இவ்வளவுதான்.

இந்திய அணிக்குத் தேர்வானவர்கள் இப்போது இந்தச் சோதனைகளுக்குப் போய் வருகிறார்கள். மத்திய அரசின் 'டாப்ஸ்' திட்டம் அதற்குப் பணம் கொடுத்ததுண்டு. அணிக்கு வெளியே நிலைமை வேறு. மாவட்டச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கோ பையனுக்கோ, இறக்குமதியாகி வந்த பெட்டிகளில் பங்கு பிரித்துக் கையில் வருவதுதான் தோட்டா. இந்த மாதம் ஒரு எண், அடுத்த மாதம் வேறு எண். குறி திடீரென்று அகன்றால் அவர்கள் மூச்சைக் குறை சொல்லிக்கொள்வார்கள், தோளைக் குறை சொல்லிக்கொள்வார்கள், பயிற்சியாளரும் சேர்ந்து திட்டுவார். பெட்டியின் மடிப்பில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் தொகுதி எண்ணைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

பார்ப்பதற்குக் காசு ஆகாது. கையில் இரண்டு எண்களில் பெட்டிகள் இருந்தால், அவற்றைக் கலக்காமல் வைத்து, காற்றில்லாத காலை நேரத்தில் துப்பாக்கியை மணல் பைமேல் கிடத்தி, பத்துப் பத்தாக மாற்றி மாற்றிச் சுட்டு, அட்டைகளின் மேல் எண்ணை எழுதி வைக்கலாம். நல்ல எண்ணைப் போட்டிக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைப் பயிற்சிக்குச் சுடலாம். பிடித்த எண் தீர்ந்துபோன பிறகு அதே பெயர், அதே நிறப் பெட்டி வந்தாலும் முதல் அட்டையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.